மருந்து கொடுத்து அனுப்பிய காலை

தொண்ணூறுகளின் நடுவில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். மகளுக்கு மூன்று வயது. கம்பெனிக்குப் போகும் வழியில் ஒரு அக்கா, தன் வீட்டு முன்னறையில் ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். அதில் ஏழு மாதக் கைக்குழந்தை ஒன்று. அதன் அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை.

அந்தத் திங்கட்கிழமை காலை மகளுக்கு உடம்பு சுட்டது. கண் சிவந்து மூக்கு ஒழுகியது. கணவர் பெருந்துறை வேலைக்கு விடியும்போதே கிளம்பிவிட்டார். எனக்கு லீவு எதுவும் மிச்சமில்லை. காய்ச்சல் மருந்தைக் கொடுத்தேன். அரை மணியில் சூடு இறங்கியது. தலை சீவும்போது காதுக்குப் பின்னால் நாலைந்து சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்று எனக்கே சொல்லிக்கொண்டு, முடியை இழுத்து மறைத்துக் கட்டினேன்.

"ஏனுங்க அம்மணி, பாப்பா மொகம் வாடிக் கெடக்குதே?" என்றார் அக்கா.

"சளிங்கக்கா. வேற ஒண்ணுமில்லீங்க."

மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது. "வெரசா வாங்க அம்மணி. மேலெல்லாம் பொரிஞ்சுபோச்சு. மணல்வாரியாட்டம் இருக்குதுங்க."

நான் போனபோது, மகள் தொட்டிலை ஒட்டிப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டிலுக்குள் கைக்குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

தட்டம்மைதான் என்றார் டாக்டர். இவளுக்குப் போட வேண்டிய ஊசியை நாங்கள் தள்ளிப்போட்டு மறந்திருந்தோம். "புள்ளி வர்றதுக்கு முன்னாடியே ஒட்டிக்கும்மா. கூட இருந்த குழந்தைகளைப் பத்துப் பன்னெண்டு நாள் கவனிக்கச் சொல்லுங்க." கைக்குழந்தைக்கோ அந்த ஊசி போடும் வயதே வரவில்லை.

மகள் ஒரு வாரத்தில் எழுந்து விளையாடினாள். நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் போய் நிற்பேன். "இன்னிக்கு ஒண்ணுமில்லீங்க" என்பார். மறுநாள் வரைக்கும் மூச்சு விடுவேன்.

பதினோராம் நாள் தொட்டில் காலியாக இருந்தது. "ஆஸ்பத்திரில சேத்துப்போட்டாங்க. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சாம்" என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். வார்டில் அந்த அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலா உள்ளே போய் வந்தது. என்னைக் கண்டதும் கேட்டாள்: "அன்னிக்குக் காலைலயே உங்க பாப்பாவுக்குக் காய்ச்சல் இருந்துச்சுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"இருந்துச்சுங்க. தெரிஞ்சேதான் உட்டுப்போட்டு வந்தேன்."

"எனக்குந்தான் லீவு கெடைக்காதுங்க" என்றாள். பிறகு குழந்தை பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குழந்தை பிழைத்தது. அவள் மில்லை விட்டு நின்று, அதைத் தூக்கிக்கொண்டு சத்தியமங்கலத்துக்குத் தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். இருமல் மட்டும் நிற்கவே இல்லையாம் என்று அக்கா ஒருநாள் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.