இசைத்தட்டின் ஓரத்துக் கால் அங்குலம்

1987-ஆம் வருடம் ஆடி மாதம், வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, என் தம்பி தண்டாயுதபாணி வேலை பார்த்த சாயப்பட்டறையில் நீராவிக் குழாய் ஒன்று இணைப்பில் பிய்த்துக்கொண்டது. அவனோடு ஒரே தொட்டியில் வேலை செய்த அங்கமுத்து அதற்கு நேர் எதிரே நின்றிருந்தார். தம்பி டீ குடித்துவிட்டு அப்போதுதான் வாசலுக்குத் திரும்பியிருந்தான். ஓடிப்போய் அவரை வெளியே இழுத்தான். அதில் அவனுக்கு இடது முழங்கைக்குக் கீழே வெந்தது. அங்கமுத்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

கை இருபது நாளில் ஆறிவிட்டது. நாட்காட்டித் தாளின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

நான் அவனைவிட எட்டு வயது மூத்தவள். பெயர் கமலாம்பாள். ஏழாவதோடு நின்றுவிட்டேன். அவன் பத்தாவதை முதல் தடவையிலேயே தேறினான். எங்கள் வீதியில் அந்த வருடம் அப்படித் தேறியவன் அவன் ஒருவன்தான். அப்பா அம்மா போன பிறகு அவனும் என் வீட்டில்தான் இருந்தான். நான் பனியன் கம்பெனியில் செக்கிங். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி உடைந்து விழுந்த கோடு எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒதுக்குவது என் வேலை. நான் சரி என்று அனுப்பிய பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அப்படிப்பட்ட நான், தம்பிக்குள் என்ன கெட்டுப்போயிருந்தது என்பதைக் கவனிக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன்.

முதலில் குக்கர். விசில் வருவதற்கு முன்பு 'உஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அது கிளம்பியதும் அவன் சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு வீதிக்கு ஓடினான். அடுத்து தோசைக்கல்லில் நான் தெளித்த தண்ணீர். சுவரோடு ஒட்டி நின்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். குக்கரைப் பரண்மேல் ஏற்றிவிட்டுப் பானையில் சோறு வடித்தேன். ஆனால் ஊரில் எத்தனை சத்தத்தைப் பரணில் ஏற்ற முடியும்? பக்கத்து வீட்டுப் பழனியம்மாளிடம் போய், மத்தியானம் குக்கர் வைக்க வேண்டாம் என்று கேட்டேன்.

"ஏனுங்க அம்மிணி, என்ற ஊட்டுக் குக்கர் விசில் அடிச்சா உங்க தம்பியப் புடிக்கப் போலீசா வருது?" என்று சிரித்தாள்.

"சிரிக்காதீங்க. அவனுக்குச் செரியில்லீங்க."

அவள் முகம் மாறியது. "அதச் சொல்றதுக்கென்னங்க. பானையிலயே வடிச்சுக்கறேன், போங்க" என்றாள். சொன்னபடியே செய்தாள்.

ஆவணி பதினெட்டாம் தேதி அவன் கடைக்குப் போன இடத்தில் ஒரு டவுன் பஸ் பிரேக்கைப் போட்டு, காற்றை 'புஸ்' என்று விட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு ரோட்டுக்குக் குறுக்கே பாய்ந்துவிட்டான். கம்பெனி வேன்காரர் ஒருவர் ஒரு முழத் தூரத்தில் நிறுத்தினாராம். கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார். அன்றிலிருந்து நானும் என் வீட்டுக்காரர் மருதாசலமும் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போனோம். இருபத்து நான்கு வயது ஆளை உள்ளே வைத்துப் பூட்டினோம்.

பூட்டிவிட்டுப் போனால் மட்டும் நிம்மதி இருந்ததா? வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது. உத்தரத்தில் கொக்கி இருந்தது. செக்கிங் மேசையில் நிற்கும்போது வெள்ளைத் துணிக்குள் அந்தக் கொக்கிதான் தெரியும். சாயங்காலம் பூட்டில் சாவியைப் போடும்போது, உள்ளே இருமல் சத்தமாவது கேட்கட்டும் என்று முருகனைக் கும்பிட்டுக்கொண்டேதான் திருகுவேன்.

அந்த நேரத்தில்தான் அவனுடைய இசைத்தட்டின் நினைவு எனக்கு வந்தது. மைக்செட் வெள்ளியங்கிரி கேசட்டுக்கு மாறியபோது பழைய பிளேயரையும் ஒரு பெரிய தட்டையும் தம்பிக்குக் கொடுத்திருந்தார். நாயனமும் தவிலும். பக்கத்துக்கு மூன்று உருப்படி. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் தம்பி ஒரு நாள் சாயக் கையை வைத்துவிட்டதால் வாசித்தவர் பெயர் நீலமாகி அழிந்துவிட்டது. அவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. உறை கிழிந்துபோனதால் பனியன் பெட்டி ஒன்றில் மெல்லிய தாள் சுற்றி வைத்திருந்தான். வேலை விட்டு வந்ததும் அதைக் கேட்காமல் அவன் சாப்பிட்டதில்லை.

"உன்ற தம்பிக்குத் தெனமும் கல்யாணந்தான். பொண்ணுதான் இன்னும் வல்ல" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நானே எடுத்து வைத்தேன். முள்ளை ஓரத்தில் இறக்கினேன். தவில் தொடங்குவதற்கு முன்னால் அந்தத் தட்டில் வெறும் இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடும். 'உஸ்ஸ்' என்று. அத்தனை வருடம் கேட்டும் அது என் காதில் ஏறியதே இல்லை. தம்பி கத்திய கத்தலில் பழனியம்மாள் ஓடிவந்துவிட்டாள். அவன் கட்டிலுக்கு அடியில் கிடந்தான். மருந்து என்று நினைத்து நானே கையில் எடுத்ததிலா அந்தச் சத்தம் இருக்க வேண்டும்? பிளேயரை வெளியே போட்டுவிடலாம் என்று தூக்கினேன்.

"அத வையுங்க்கா" என்றான் கட்டிலடியிலிருந்து.

வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, பிளேயர் மூடியைத் துடைக்கும்போது ஒன்று பார்த்தேன். எங்கள் ஊரில் எதன்மேலும் ஒரே நாளில் பஞ்சுத் தூசி படியும். அந்தக் கறுப்புத் தட்டிலும் படிந்திருந்தது. ஆனால் உள்வட்டம் மட்டும் தூசி இல்லாமல் பளபளவென்று இருந்தது. முள் ஓடிய இடம். வெளிவட்டத்தில் தூசி அப்படியே இருந்தது. நாங்கள் பூட்டிவிட்டுப் போன பிறகு அவன் தட்டைப் போடுகிறான். ஆனால் ஓரத்தில் முள்ளை வைப்பதில்லை. நாயனம் முழுவேகத்தில் போகும் இடமாகப் பார்த்து நடுவில் இறக்குகிறான். அங்கே இரைச்சல் காதுக்குத் தெரியாது.

அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கம்பெனி டேப்பை எடுத்து அளந்தேன். தூசி படிந்த பகுதி ஒன்றே முக்கால் அங்குலம்.

மறுவாரம் அளந்தேன். ஒன்றே கால்.

அவன் ஓரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தான். ஒரு நாளைக்கு நூல் அளவு. இரண்டு உருப்படிகளுக்கு நடுவே இசை இல்லாத சிறிய இடைவெளி வரும். அந்த இரைச்சலைத் தாண்டுவதற்கு மட்டும் அவனுக்கு ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் அளவு மாறவே இல்லை. தினமும் அளந்தேன். ஏழாம் நாள் ஒரு அங்குலத்துக்கும் கீழே போயிருந்தது. யாரிடமும் சொல்லாமல் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். எந்த டாக்டரும் சொல்லாததை, யாரும் கற்றுக்கொடுக்காததை என் தம்பி தானாகவே செய்துகொண்டிருந்தான். ஐப்பசி கடைசியில் கால் அங்குலம்தான் பாக்கி. அந்தக் கால் அங்குலத்தில் ஒன்பது நாள் நின்றுவிட்டான்.

நான் அங்கே ஒரு தவறு செய்தேன். இரைச்சல் அந்தத் தூசியால்தான் வருகிறது, சுத்தமாகத் துடைத்துவிட்டால் குறையும், அவனும் தாண்டிவிடுவான் என்று நினைத்தேன். திருப்பூரில் எதைத் துடைப்பதானாலும் கை வேஸ்ட் துணிக்குத்தான் போகும். சைக்கிள், அடுப்பு மேடை, சாமி படம், குழந்தையின் மூக்கு, எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான். நானும் நிட்டிங் பக்கத்திலிருந்து கொண்டுவந்திருந்த துண்டு ஒன்றை எடுத்து அழுத்தித் துடைத்தேன். 'கிர்ர்' என்றது. துணியைப் பிரித்தால் உள்ளே மெஷின் ஊசியின் உடைந்த கொக்கி இருந்தது, அரிசி மணி அளவில்.

வெளிச்சத்துக்கு எதிரே தட்டைப் பிடித்தேன். ஓரத்திலிருந்து உள்ளே குறுக்காக, கால் அங்குலத்துக்கு ஒரு கோடு. நான் தினமும் ஒதுக்கித் தள்ளும் துணியில் இருப்பது போன்ற அதே கோடு. ஊசிக் கோட்டைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குபவள் நான்.

என்ன செய்வது என்று தெரியாமல் தட்டைத் திரும்ப வைத்துவிட்டேன். அன்று ஞாயிறு, அவன் பக்கத்து அறையில்தான் இருந்தான். சாயங்காலம் நான் அடுப்படியில் இருக்கும்போது வந்து முள்ளை வழக்கமான இடத்தில் இறக்கினான். 'டக்' என்றது. ஒரு சுற்று சுற்றி மறுபடியும் 'டக்'. வெடுக்கென்று முள்ளைத் தூக்கிவிட்டான்.

"அக்கா, இதத் தொட்டீங்களா?"

"தொடச்சேன், கண்ணு. வேஸ்ட்டுல ஊசி இருந்திருக்குது. நான் பாக்கல."

"நீங்க பாக்கலியா?"

அவன் அதைக் கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. ஆச்சரியமாகக் கேட்டான். பிறகு தட்டைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டான். திங்கள் முழுவதும் பேசவில்லை. செவ்வாயும் இல்லை. தூசி அளப்பதற்குக்கூட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. புதன்கிழமை அந்த உத்தரத்துக் கொக்கியைக் கழற்றும்படி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அதுல என்ன தொங்குது இப்ப?"

"கழட்டுங்கன்னா கழட்டுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கேலி எதுவும் சொல்லாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.

வியாழக்கிழமை கம்பெனியில் கரண்ட் இல்லாமல் மூன்று மணிக்கே விட்டுவிட்டார்கள். வீட்டுப் பக்கம் கரண்ட் இருந்தது. எங்கள் சந்து முனையிலேயே அந்தச் சத்தம் கேட்டது. 'உஸ்ஸ்' என்ற இரைச்சல். அதற்குள் 'டக்'. மறுபடியும் 'டக்'. ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். தம்பி பிளேயருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு 'டக்'குக்கும் ஒரு விரலை மடக்கினான். ஆறாவது விரலை மடக்கியதும் தவில் விழுந்தது. முள்ளைத் தூக்கி மறுபடியும் ஓரத்தில் வைத்தான். மறுபடியும் ஆறு.

பூட்டைத் திறந்து உள்ளே போனேன். அவன் திரும்பவில்லை.

"முன்னால அந்தச் சத்தம் எப்ப முடியும்னே தெரியாதுங்க்கா. மூச்சு நின்னுபோகும். இப்ப ஆறு எண்ணுனா முடியுதுங்க."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனே சொன்னான்.

"அன்னிக்குக் காத்தாலயே அந்த ஜாயிண்டு சீறிட்டு இருந்துச்சுங்க்கா. எங் காதுல உழுந்துச்சு. மேஸ்திரிகிட்டச் சொல்லோணும்னுதான் இருந்தேன். டீயக் குடிச்சுப்போட்டு வந்து சொல்லிக்கலாம்னு போயிட்டேன். அங்கமுத்தண்ணன் எனக்கும் ஒரு வடை வாங்கிட்டு வாடான்னாருங்க. வடை கையில இருந்துச்சு."

உன்மேல் தப்பில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அவன் நம்பமாட்டான். அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு, தட்டு முடியும் வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாளிலிருந்து கதவைப் பூட்டவில்லை.

தை பிறந்ததும் வேலைக்குப் போகிறேன் என்றான். நான் வேறு வேலை தேடிப் பார்த்தேன். அயர்னிங்கில் நீராவி. துணி அமுக்கும் இடத்தில் நீராவி. எங்கள் ஊரில் நீராவி இல்லாமல் ஒரு பனியன்கூட வெளியே போகாது. கடைசியில் அவனே ஆற்றுப் பக்கத்தில் வேறொரு சாயப்பட்டறையில் பேசிவிட்டு வந்தான். முதல் நாள் நான் அரைநாள் லீவு போட்டு, அவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய், பட்டறைக்கு எதிரே விறகு அடுக்கியிருந்த இடத்தில் நின்றேன்.

எட்டு மணிக்கு வால்வைத் திறந்தார்கள். சத்தம் ரோடு வரை வந்தது. நான் எண்ணினேன். ஆறு வந்தது. சத்தம் நிற்கவில்லை. பத்து. இருபது. அது இசைத்தட்டு இல்லையே, ஆறில் நிற்பதற்கு! இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? முப்பத்தொன்றில் அவன் வெளியே வந்தான். முகம் சுண்ணாம்பு போல இருந்தது. வாசற்கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தான். போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று இரண்டு அடி வைத்தேன். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு, உள்ளே பார்த்து உரக்கக் கூப்பிட்டான்.

"மேஸ்திரி! மூணாந் தொட்டி ஜாயிண்டு சீறுதுங்க. வால்வ மூடுங்க!"

மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஏப்பா, நீராவின்னாச் சீறாமப் பின்ன பாட்டா பாடும்? மொத நாளே ஆரம்பிச்சுட்டயா?"

"பாடுற சத்தம் வேறீங்க, சீறுற சத்தம் வேறீங்க. மூடுங்க. மூடுனாத்தான் நானு உள்ள வருவேன்."

"வராட்டிப் போ!"

தம்பி போகவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்று, "அண்ணா, அத்தன பேரும் வெளிய வாங்க" என்று உள்ளே இருந்த ஆட்களைக் கூப்பிட்டான். மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் சிரித்தபடி உள்ளேயே நின்றார்கள். அவன் அவர்கள் பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவர்களும் வந்தார்கள். மேஸ்திரி திட்டிக்கொண்டே போய் வால்வை மூடினார்.

குழாய் பிட்டர் வந்து இணைப்பைக் கழற்ற முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே இருந்த வாஷரை வாசலுக்குக் கொண்டுவந்து காட்டினார்; அது பாதி பொடியாகி அவர் உள்ளங்கையில் உதிர்ந்தது. மேஸ்திரி அதைப் பார்த்தார். புது வாஷர் போட்டு முடுக்கினார்கள். மறுபடியும் வால்வைத் திறக்கப் போனபோது தம்பி வேட்டியை மடித்துக் கட்டினான். ஆட்கள் ஐந்து பேரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வால்வு திறந்தது. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். கேட்டுவிட்டு, முதல் ஆளாக உள்ளே போனான்.