அக்கா ஒதுங்கி நின்ற வழக்கு

அக்கா பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் பிறந்தார். அப்பா தண்டவாளம் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். நான்கு பிள்ளைகளில் மூத்தவர் அக்கா, கடைசி நான். இரவல் புத்தகங்களில் சட்டம் படித்து, கிள்ளான் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராகச் சேர்ந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரானார். யார் மேல் வழக்குத் தொடுப்பது, எதைக் கைவிடுவது என்ற கோப்புகள் அவர் மேசைக்கு வந்துதான் போகும்.

சென்ற ஆண்டு அந்த மேசைக்கு என் மகனின் கோப்பு வந்தது. ஜெஞ்சாரோம் சாலையில் அவன் ஓட்டிய கார் மோதி, மோட்டார் சைக்கிளில் வந்தவர் ஒரு காலை இழந்திருந்தார். "இவன் என் தங்கை மகன்" என்று எழுதி, அக்கா அன்றே கோப்பைத் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டார். பிறகு எனக்குப் போன் செய்தார்.

"கேஸ் முடியுற வரைக்கும் நான் உன் வீட்டுக்கு வரமாட்டேன். நீயும் இங்க வராத."

"தீபாவளிக்குக் கூடவா?"

"தீபாவளிக்குக் கேஸ் லீவு எடுத்துக்குமா? போனை வை. அவனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு."

இவ்வளவு பெரிய பதவியில் அக்கா இருந்தும் ஒரு பயனும் இல்லை என்று, சொந்தக்காரர்களும் நண்பர்களுமான உங்களில் பலரிடம் சொன்னேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகூடச் சொன்னேன். அது அவர் காதுக்கும் போயிருக்கும்.

வழக்கு முடியவில்லை. அதற்குள் அக்கா அலுவலகத்தில் மயங்கி விழுந்து, மூன்றாம் நாள் இறந்துபோனார். ஒன்பது மாதம் கழித்து அவர் வீட்டுக்குள் நான் நுழைந்தது அவர் உடலோடுதான். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

அன்று நான் ஒன்று செய்தேன். அஞ்சலி செலுத்த வந்த அக்காவின் சக அதிகாரி ஒருவரை வாசலில் நிறுத்தி, மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். ஒரு காலணியை மட்டும் கழற்றியிருந்தவர் அப்படியே நின்று கும்பிட்டார்.

"வேணாங்க்கா. மேடம் இன்னும் உள்ளதான் இருக்காங்க."

எங்களுக்காக மறைவாக எதையாவது செய்து வைத்திருப்பாரா என்று பிறகு அக்காவின் அலமாரியிலும் தேடினேன். ஒன்றும் இல்லை. சொன்னபடியே இருந்திருக்கிறார். அவரைக் குறையாக நான் உங்களிடம் சொன்னது தவறு.

மருத்துவமனையில் எங்களோடு காத்திருந்தவர்களுக்கும், தேவாரம் பாடிய கிள்ளான் அன்பர்களுக்கும், பதினாறு நாளும் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் நண்பர்களிடம் மகனுக்காகப் பேசுவதாகச் சிலர் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். அந்த அன்புக்கும் நன்றி. பேச வேண்டாம். அடுத்த மாதம் அவன் நீதிமன்றத்தில் நிற்கிறான். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அக்காவின் பெயரைச் சொல்லாமலே போய் நிற்கிறோம்.