தீட்டு நாளில் கண்ட பூ

பேச்சிப்பாறை அணைக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் காணிக்குடி, காணிக்கார மலைமக்களின் ஊர். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அந்தப் படிப்பை எடுத்துச் செலவழிக்க எனக்கு இடமே வாய்த்ததில்லை, போன வருடம் வரை.

போன வருடம் ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர்கள், காட்டு மரங்கள் எப்போது தளிர்க்கின்றன, எப்போது பூக்கின்றன என்று எங்களோடு சேர்ந்து எழுதி வைக்க ஆசைப்பட்டார்கள். எங்கள் குடித் தலைவரான மூட்டுக்காணி உடனே சரி சொல்லவில்லை. முன்பும் சிலர் வந்து கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதனால் ஒரு பேச்சு வைத்தார். எழுதுவது எங்கள் ஆட்கள். நோட்டு எங்கள் குடியில் இருக்கும். குடி கூடி, வாசித்துக் கேட்டு, சம்மதித்தால்தான் நகல் கீழே போகும். ஒருவர் எழுதியது பொய் என்றாலும் எதுவும் போகாது. வந்தவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

ஏழு பேர் ஆளுக்கொரு மரம் எடுத்துக்கொண்டோம். என் பங்குக்கு வந்தது சாஸ்தா கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் நாங்கு மரம். காலையில் குளித்துவிட்டு ஏறுவேன். மஞ்சு இறங்கியிருந்தால் மரமே தெரியாது. கல்லுக்கு முன்னால் கண்மூடி நிற்பேன். திறக்கும்போது அடிமரம் மட்டும் வந்திருக்கும். பிறகு ஒரு கிளை, அப்புறம் ஒரு கொத்து இலை. எனக்காகச் சாமி தினமும் அதைப் புதிதாகப் படைத்துத் தருகிறார் என்றே தோன்றும். அந்த நினைப்பு கலைவதற்குள் எழுதிவிடுவேன்: இலை உண்டு. மொட்டு இல்லை. பூ இல்லை.

தை மாதம் வீட்டுக்காரரின் சித்தப்பா இறந்துபோனார். தீட்டு கழியும்வரை நாங்கள் சாஸ்தா நிற்கும் பக்கம் ஏறுவதில்லை. நோட்டில் அந்த நாட்களின் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. ஒருநாள் மதியம், தகரக்கூரையில் மழை சடசடத்துக்கொண்டிருக்க, பாயில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். கனவில் நாங்கு மரம் நின்றது. இலையே இல்லை, அத்தனையும் வெள்ளைப் பூ. ஒவ்வொரு பூவுக்கு நடுவிலும் திரி கொளுத்தியதுபோல மஞ்சள். பூக்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன, ஆனால் தரையைத் தொடவில்லை.

எங்கள் ஆட்களுக்குக் கனவு வெறும் கனவு இல்லை. மருந்துச் செடி நிற்கும் இடத்தைக் கனவில் கண்டு, போய்ப் பறித்து வந்தவர்கள் உண்டு. எழுந்தேன். முகம் கழுவிவிட்டு அன்றைய கட்டத்தில் எழுதினேன்: பூ கண்டேன். எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

தீட்டு கழிந்த மறுநாள் காலை, நான் மரத்துக்கு ஏறும் முன்பே குடி கூடியது. கல்லூரியிலிருந்து வந்த தக்கலைக்காரப் பெண் ஒவ்வொரு நோட்டாக உரக்க வாசித்தாள். என் நோட்டில் அவள் குரல் மாறியது.

"அக்கா, நாங்கு மாசியிலதான் பூக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. நீங்க தையிலயே பாத்திருக்கிய! எங்க புஸ்தகத்துல இத முதல் பக்கத்திலயே போடணும்."

என் கனவு அச்சாகி, எங்கள் குடியின் பேரோடு ஊருக்கெல்லாம் போகப் போகிறது.

வேங்கை மரத்துக்கு நோட்டு எழுதும் பக்கத்து வீட்டுக்காரி விரல் விட்டு நாள் எண்ணினாள். "ஏட்டி, அன்னைக்கு உனக்குத் தீட்டுல்லா? தீட்டோடயா சாமிகிட்ட ஏறிப்போன?"

போனேன் என்றால் சாமிக்குக் குற்றம். போகவில்லை என்றால் நோட்டு பொய். என்னால் ஏழு பேருடைய ஒரு வருட நடை வீணாகும்.

"போகல்ல," என்றேன். "சொப்பனத்துல கண்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர்தான் அதிகம். "சொப்பனத்துல நீ கஞ்சி வச்சா எனக்கு வயிறு நெறையுமா?"

"நேர்ல வச்சாலும் நெறையாது உமக்கு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மறுபடி சிரிப்பு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மூட்டுக்காணி சிரிக்கவில்லை. "வாங்க, மரத்தப் பாப்போம்," என்று எழுந்தார்.

எல்லாருமாக ஏறினோம். வழி முழுக்கச் சாமியை வேண்டிக்கொண்டே போனேன், ஒரே ஒரு பூவாவது என்று. மஞ்சு விலகியபோது மரம் உச்சிவரை சிவந்து நின்றது. தளிர். அத்தனையும் புதுத் தளிர். மொட்டுகூட இல்லை. அவ்வளவு அழகாக அதை நான் பார்த்ததில்லை. எனக்கு வேண்டியதும் அது இல்லை.

மூட்டுக்காணி கல்லைக் கும்பிட்டார். "சாமி உனக்குக் காட்டினாரு. காலேஜுக்குக் காட்டல்ல. அத நீ வச்சுக்கோ மக்கா. இதுல கண்ணால கண்டத எழுது."

அந்தப் பெண் நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். 'பூ கண்டேன்' என்பதை எழுத்தே தெரியாதபடி கிறுக்கி அடிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு கோடு போதும் அக்கா. அடியில உள்ளது தெரியட்டும். நமக்கு வெட்கம் ஒண்ணும் இல்ல."

ஒரு கோடு இழுத்தேன். பிறகு சாஸ்தா கல்லின் அருகிலேயே உட்கார்ந்து, வெறுமையாகக் கிடந்த கட்டங்களிலும் கோடு போட்ட கட்டத்தின் ஓரத்திலும் ஒன்றையே எழுதினேன்: தீட்டு. மரத்தடிக்குப் போகவில்லை. எழுதி முடிக்கும்வரை யாரும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, விட்டுப்போன ஒரு நாளைச் சுட்டிக் காட்டினாள். அதையும் எழுதினேன், அன்றைய கட்டத்தில் தளிர் உண்டு, பூ இல்லை என்றும்.

"இனி இது போலாமா?" என்று மூட்டுக்காணி ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒவ்வொருவரும் போலாம் என்றார். கடைசியில் என்னிடமும் கேட்டார். என்னிடம் கேட்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை. போலாம் என்று சொல்லிவிட்டு, நகல் எடுக்க நோட்டை இரண்டு கையாலும் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன்.