உள்ளங்கையில் ஏறிய எலிகள்

வைத்தியலிங்கம் கண்ணாயிரம் (1963–2024). நெல்லிக்குப்பத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். சிதம்பரத்தில் ஒரு மருந்தியல் ஆய்வகத்தின் விலங்குக் கூடத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் உதவியாளராகப் பணியாற்றினார்.

பத்தொன்பதாம் வயதில், வெல்லத்துக்குக் கரும்பு ஆட்டும் இயந்திரத்தில் அவருடைய வலக்கை சிக்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் போயின. ஆய்வகத்தில் எலியை வாலின் அடியில் கிள்ளிப் பிடித்துத் தூக்குவதே வழக்கம்; கிள்ளுவதற்கு அவருக்கு விரல் இல்லை. ஆகவே கூண்டுக்குள் உள்ளங்கையை விரித்து வைத்துக் காத்திருப்பார். எலி தானாக ஏறும். இடக்கையால் மெல்ல மூடி எடுத்துவருவார். ஓர் எலிக்கு அரை நிமிடம் கூடுதலாகும். பக்கத்துத் துறையின் உதவியாளர் இளவரசுக்கு இது ஓயாத கேலி.

"என்னா மாமா, பொண்ணு அழைப்பா நடக்குது? வாலப் புடிச்சுத் தூக்கி வுடுவியா!"

"ஒன்ன வாலப் புடிச்சுத் தூக்குனா வருவியாடா?"

"எனக்கு வாலு இல்ல மாமா."

"அது ஒன்னுதான் கொற."

சத்யப்பிரியா, கடலூர் சிப்காட்டில் ஒரு வேதிப்பொருள் நிறுவனத்தில் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தொன்றாம் வயதில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தவர். சேத்தியாத்தோப்பு ஏரிக்கரையில் பறித்த நீர்க்கடம்பு இலையின் சாறு வலியைக் குறைக்குமா என்பது அவருடைய ஆய்வு. பாதி எலிகளுக்கு இலைச்சாறும் மீதிக்கு வெறும் உப்புநீரும் ஊசியாகச் செலுத்தப்படும். பின் ஒவ்வோர் எலியையும் சூட்டுத் தட்டில் வைப்பார்கள். பாதத்தை நக்கியதும் எடுத்துவிடுவார்கள். நக்கும்வரை எத்தனை விநாடி என்பதே கணக்கு. உப்புநீர் எலிகள் நான்கு விநாடியில் நக்கின. இலைச்சாறு எலிகள் ஒன்பது விநாடி தாங்கின. ஆய்வேட்டை 2019 ஜூலைக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்குமேல் கால நீட்டிப்பு கிடையாது.

அவ்வாண்டு பிப்ரவரி 12, 13, 14 ஆகிய மூன்று நாள்களிலும் உப்புநீர் எலிகளும் ஒன்பது விநாடி நின்றன. உப்புநீரே வலியைப் போக்கினால் இலைக்கு என்ன மதிப்பு?

"கூண்டு மாறியிருக்கும்," என்றார் அவருடைய நெறியாளர் பேராசிரியர் எழிலன். "அடையாளத்தையே நம்ப முடியலேன்னா இதுவரைக்கும் செஞ்ச எதையும் நம்ப முடியாதும்மா."

எதற்கு எந்த ஊசி என்று எலிகளுக்கு மஞ்சள் புள்ளி வைத்து அடையாளமிட்டவர் கண்ணாயிரம். 11ஆம் தேதி மாலை அந்த வேலையை முடித்துவிட்டு, மனைவி அமராவதியின் கண்புரை அறுவைக்காக அவர் கடலூர் சென்றிருந்தார். திரும்பியதும் சத்யப்பிரியா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அன்னிக்கி அவசரமா கெளம்பினீங்க... புள்ளி ஏதாச்சும் மாறிப்போயிருக்குமா?"

கண்ணாயிரம் தம் வலக்கையைப் பார்த்தார்.

"கை கொறையா இருக்கலாம் மேடம். புள்ளிய நான் கொறையா வெக்கல."

மூன்றாம் நாள் தாமே வந்தார்.

"நான் இல்லாதப்ப எலிய யாரு மேடம் தூக்கினது?"

"இளவரசு."

"வாலப் புடிச்சா?"

"எல்லாரும் அப்படித்தானண்ணே தூக்குவாங்க."

"அப்ப அதுங்க பயந்துருக்கும். பயந்துட்டா வலி தெரியாது மேடம். எனக்கு வெரலு போனப்ப, ஆஸ்பத்திரி போற வரைக்கும் ஒன்னுமே தெரியல. எங்கம்மா வந்து தலையத் தொட்டாங்க பாருங்க, அப்பத்தான் உயிரே போற மாதிரி வலிச்சுது."

சத்யப்பிரியா எழுந்து நின்றுவிட்டார். அச்சத்தில் உடல் தானே எண்டார்ஃபின் என்னும் வலிநீக்கியைச் சுரக்கும் என்பது அவர் அறியாததன்று. அபினைப் போல் வலியை மழுக்கும் அப்பொருள் மூளையில் எங்கே சென்று பொருந்துமோ, அங்கேதான் இலைச்சாறும் பொருந்துகிறதா என்று அவர் நான்காண்டுகளாகத் தேடிவந்தார். கூண்டிலிருந்து தட்டுக்குத் தூக்கிவரும் கையை மட்டும் அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

விலங்கு நெறிமுறைக் குழு ஆய்வுக்கு அனுமதித்த எலிகளில் பன்னிரண்டே எஞ்சியிருந்தன. அனைத்துக்கும் உப்புநீரே கொடுக்கப்பட்டது. கண்ணாயிரம் ஏந்திவந்த ஆறும் நான்கு விநாடியில் பாதத்தை நக்கின. இளவரசு வாலைப் பிடித்துக் கொண்டுவந்த ஆறும் ஒன்பது விநாடி நின்றன. மறுநாள் அந்த ஆறுக்கும் எண்டார்ஃபினின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைச் செலுத்தி, இளவரசையே தூக்கிவரச் சொன்னார்கள். இம்முறை ஐந்து விநாடிக்குள் நக்கின.

"புள்ளி சரியாத்தான் இருந்திருக்கு," என்று பேராசிரியர் பலர் முன்னிலையில் சொன்னார்.

மாலையில் சத்யப்பிரியா விலங்குக் கூடத்துக்குச் சென்றார். "மன்னிச்சிடுங்கண்ணே. ஒங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேன்."

கண்ணாயிரத்தின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"அது கெடக்குது மேடம். அப்ப, என் கையில வர்றதுக்குத்தான் சீக்கிரமா வலிக்குதா?"

சத்யப்பிரியா கூண்டுகளுக்கு நடுவே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஆமாண்ணே. அதுங்களுக்கு ஒங்ககிட்ட பயம் இல்ல. அதனால வலிச்ச ஒடனே சொல்லிடுது. சொன்ன ஒடனே நாம எடுத்துடுறோம்ல?"

கண்ணாயிரம் ஒரு கூண்டுக்குள் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"அப்ப தட்டுலேர்ந்து எடுக்கறதயும் நானே எடுக்கறேன் மேடம்."

அந்த மூன்று நாள் கணக்கை நீக்கி, புதிய அனுமதி பெற்று, அச்சோதனைகள் மீண்டும் செய்யப்பட்டன. எல்லா எலிகளையும் கண்ணாயிரமே ஏந்தினார். ஆய்வேடு ஜூலை 19 அன்று ஒப்படைக்கப்பட்டது. எலிகளை உள்ளங்கையில் ஏந்திய முறைக்கு அதில் ஒரு முழுப் பக்கம் உண்டு. ஆய்வகத்தில் அதுவே விதியாயிற்று. இளவரசும் பழகத் தொடங்கினார்.

"என் கையில ஏறவே மாட்டேங்குது மாமா."

"ஒனக்கு வெரலு ஜாஸ்தி."

கண்ணாயிரம் 2024 நவம்பரில் சிதம்பரத்தில் காலமானார். சத்யப்பிரியா வந்து அமராவதியின் அருகில் அமர்ந்திருந்தார். பணி ஓய்வுக்கு முந்தைய நாள்வரை கண்ணாயிரம் தட்டின் அருகிலிருந்து விலகியதில்லை. பாதத்தை நக்கிய எலியைத் தம் மூன்று விரல் கையில் அவர் கடைசியாக ஏந்தி எடுத்த நாள், 2023 மார்ச் 30, வியாழக்கிழமை.