சித்திரை வீதிக் கேப்டன்

சௌமியாவைப் பற்றி எழுது என்றால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. வருடக்கணக்காக அவள் குரலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருக்கிறது. நான் பானுமதி, தொட்டியத்துக்காரி. அவளுடைய யூட்யூப் சேனலுக்கு வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு. அவள் திக்கியது, தும்மியது, நடுவில் "அம்மா, மிக்ஸிய நிறுத்தேன்!" என்று அலறியது எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, ஊர் பார்க்கிற சௌமியாவை அனுப்பி வைக்கிறவள் நான்தான். ஆகவே அவளைப் பற்றிக் குறை சொல்லவும் மெச்சிக்கொள்ளவும் எனக்கு முழு உரிமை உண்டு.

அவள் வீடு ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில். அப்பாவுக்கு ரயில்வே வேலை. பாதி நாள் விழுப்புரத்தில் இருப்பார். அம்மா ரெங்கநாயகி மாமி சீமந்தம், ஆயுஷ்ஹோமம் என்று விசேஷங்களுக்குத் தளிகை, அதாவது சமையல், செய்து கொடுப்பார். திருச்சியில் நாங்கள் இருவரும் பி.காம். ஒரே வகுப்பு. நான் ஆடிட்டிங் படித்தேன். அவள் மேஜைக்கு அடியில் செல்போனை வைத்துக்கொண்டு துப்பாக்கி விளையாட்டில் சண்டை போட்டாள். பாஸ் பண்ணியதென்னவோ இரண்டு பேரும்தான்.

அந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நாலு நாலு பேராகப் பல குழுக்கள் ஒரு தீவில் இறங்கும். ஒருவரை ஒருவர் சுட வேண்டும். தீவைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். அது சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே மாட்டினால் உயிர் போய்விடும். கடைசியில் எந்தக் குழு நிற்கிறதோ அதுதான் ஜெயித்தது. அவ்வளவுதான் சங்கதி. இதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

அவள் முதன்முதலாக மைக்கை ஆன் செய்து பேசிய அன்றே எதிரணிப் பையன் ஒருவன், "பொண்ணா? போய் தோசை சுடும்மா" என்றான். "சுட்டு வச்சிட்டுத்தாங்க வந்தேன்" என்றாள். சொல்லிக்கொண்டே அவனையும் சுட்டாள். அந்தத் துண்டு வீடியோவை நான் வெட்டிப் போட்டேன். மறுநாள் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் போனில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் நேரலையில் விளையாடிக்கொண்டே தமிழில் வர்ணனையும் சொல்ல ஆரம்பித்தாள். மற்றவர்கள் இதைப் பாதி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இவள் தன் ஊரையே எடுத்துத் தீவின்மேல் போட்டாள். ஸ்ரீரங்கம் சுற்றுச் சுற்றாகக் கட்டிய ஊர். ராஜகோபுரத்துக்குள் நுழைந்தால் முதலில் அடையவளஞ்சான் வீதி, அதற்கு உள்ளே சித்திரை வீதி, அதற்கும் உள்ளே உத்திர வீதி, அப்புறம்தான் கோயில். சுருங்குகிற வட்டத்தை அவள் இந்தப் பெயர்களிலேயே சொன்னாள். "அடையவளஞ்சான் போயிடுத்து! சித்திரைக்குள்ள ஓடி வாங்கோ!" என்று அவள் கத்தினால், சிங்கப்பூரிலிருந்து ஒரு மாமா கமென்டில் "ரங்கா ரங்கா" என்று போடுவார். சேனல் வளர்ந்தது. கூடவே கேவலமாகப் பேசுகிறவர்களும் வளர்ந்தார்கள். அந்தக் கமென்டுகளை அழிக்கிற வேலையும் என் தலையில்தான். அவர்களை நேரில் பார்த்தால் செருப்பைக் கழற்றுவேன்.

போன வருடம் நெய்தல் என்கிற சென்னை அணியிலிருந்து அழைப்பு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் குதித்தோம். அவர்களுடைய மேனேஜர் ஜெயக்குமார் காரில் வந்து இறங்கி, மாமி கொடுத்த காபியைப் புகழ்ந்துவிட்டு, விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க எங்க டீமோட முகம், மேடம். வீடியோ, விளம்பரம், பேட்டி எல்லாம் நீங்க பாத்துக்கோங்க. ஆடறதுக்குப் பசங்க இருக்காங்க."

சௌமியாவின் முகம் சுண்டிப்போனது. "நான் ஆடறவ, சார்" என்றாள்.

"நீங்க சிரிச்சாலே போதும் மேடம், லட்சம் பேர் பாப்பாங்க."

எனக்கு வந்த கோபத்தில் காபி டம்ளரைப் பிடுங்கியிருப்பேன். அவள் நிதானமாக இருந்தாள். ஆடி மாதம் திருச்சியில் தென்மண்டலப் போட்டி நடக்க இருந்தது. அதில் தனக்கு மூன்று ஆட்களைக் கொடுத்துத் தன்னைக் கேப்டனாக இறக்க வேண்டும் என்றாள். முதலிடம் வந்தால் இனி அவள்தான் கேப்டன். வராவிட்டால் போட்டி ஆட்டத்தை அடியோடு விட்டுவிட்டு, அவர் சொல்கிறபடி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். ஜெயக்குமார் உடனே கை கொடுத்தார். தோற்றுவிடுவாள் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வந்த மூவரும் நல்ல பையன்கள். மருங்காபுரி பூவரசன், முசிறி மருதை, திருச்சி டவுனில் பிறந்து வளர்ந்த தாயுமானவன். கை வேகத்தில் மூன்று பேரும் சூரர்கள். ஆனால் முதல் வாரம் பூராவும் தோல்விமேல் தோல்வி. ஒவ்வொரு முறையும் பூவரசன் வட்டத்துக்கு வெளியே நின்று செத்துப்போனான். சௌமியா "சித்திரை வீதிக்கு வா" என்பாள்; அவன் நின்ற இடத்தைவிட்டு அசைய மாட்டான்.

"ஏன்டா நிக்கற? கூப்பிட்டேனே, காதுல விழலையா?"

"நான் சித்திரை வீதியிலதாங்க்கா நிக்கிறேன்! அதுதானே எல்லாத்துக்கும் வெளியில இருக்கிற வீதி?"

அப்போதுதான் விஷயம் புரிந்தது. பூவரசன் வீட்டார் வருடா வருடம் சித்திரைத் தேருக்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள். வருவார்கள், மொட்டை போடுவார்கள், தேர் பார்ப்பார்கள், திரும்பிப் போவார்கள். தேர் ஓடும் வீதிதான் ஊரின் எல்லை என்று அவன் பிறந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான். அதற்கு வெளியே இன்னொரு வீதி இருப்பதே அவனுக்குத் தெரியாது. மருதையும் அதே நினைப்பில்தான் இருந்தான். தாயுமானவன் மட்டும், காவிரிக்கு அந்தப் பக்கம் டவுனில் இருப்பவர்களுக்கு அந்த வீதிகளெல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று உண்மையைச் சொன்னான்.

பெயர்களை மாற்றிவிடலாமே என்றேன். "மாட்டேன். அவசரத்துல என் வாயில இதான் வரும். இவங்க வீதிய கத்துக்கட்டும்" என்றாள் அந்தப் பிடிவாதக்காரி.

மறுநாள் காலையில் மூவரையும் நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். அடையவளஞ்சான் முழுக்க ஒரு சுற்று, சித்திரை ஒரு சுற்று, உத்திரம் ஒரு சுற்று. எந்த மூலையில் திரும்பினால் எந்தக் கோபுரம் தெரியும், எந்தச் சந்து உள் வீதிக்குக் குறுக்குவழி என்று காட்டிக்கொண்டே நடந்தாள். கடைசியில் கோயிலுக்குள் பரமபத வாசல் முன்னால் நிறுத்தினாள். "வைகுண்ட ஏகாதசி அன்னிக்கு ஊர் உலகமே இங்கதான் முட்டி மோதும். உள்ளூர்க்காரங்க வர மாட்டோம். அடுத்த நாளும் வாசல் திறந்துதானே இருக்கும்? கூட்டம் வடிஞ்சப்புறம் நிதானமா வருவோம். ஆட்டத்துல நான் ஏகாதசின்னு சொன்னா, வாசல்ல கூட்டம்னு அர்த்தம். யாரும் உள்ள போகக்கூடாது" என்றாள்.

மூன்று வாலிபர்கள் தன் மகளோடு கோயிலை வலம் வருவதை மாமி வாசலிலிருந்தே பார்த்துவிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எத்தனை பக்தி! உக்காருங்கோ, புளியோதரை இருக்கு" என்று இலை போட்டார். எதற்காக நடந்தார்கள் என்பதை நாங்கள் யாரும் சொல்லவில்லை. புளியோதரை அப்படி.

அதன்பிறகு பூவரசன் ஒரு தடவைகூட வெளியே மாட்டவில்லை.

போட்டி கரூர் பைபாஸ் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆடியில் முகூர்த்தம் ஏது? மண்டபம் சும்மா கிடந்தது, பிடித்துவிட்டார்கள். மணமேடையில் வரிசையாக நாற்காலிகள், பின்னால் பெரிய திரை. சாப்பாட்டு ஹாலில் பையன்கள் சார்ஜர் போட இடம் தேடி அலைந்தார்கள். பத்துப் பன்னிரண்டு அணிகளில் பெண் என்று இவள் ஒருத்திதான். ஆட்டக்காரர்கள் பேசுவது ஸ்பீக்கரில் கூட்டத்துக்கும் கேட்கும். அவர்கள் காதில் ஹெட்செட் இருப்பதால் ஒரு அணி பேசுவது இன்னொரு அணிக்குக் கேட்காது. ரெங்கநாயகி மாமி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். மண்டபம் என்றால் அவருக்குப் பட்டுதான்.

கடைசி ஆட்டத்துக்கு வரும்போது எங்கள் அணி இரண்டாம் இடத்தில் இருந்தது. அதை ஜெயித்தால்தான் முதலிடம். ஜெயக்குமார் என் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வாரம் எடுக்க வேண்டிய விளம்பரத்தைப் பற்றி ஆரம்பித்தார். "கொஞ்சம் வாய மூடிட்டு இருங்க சார்" என்றேன்.

வட்டம் சுருங்கியது. அடையவளஞ்சான் போனது, சித்திரை போனது. உத்திர வீதியும் போகிற நேரத்தில் நாலே அணிகள்தான் மிச்சம். கடைசி வட்டத்துக்குள் போக ஒரே ஒரு பாலம். மற்ற மூன்று அணிகளும் முண்டியடித்துக்கொண்டு அதை நோக்கி ஓடின. எங்கள் நால்வரும் வட்டத்தின் ஓரத்தில், ஒரு பாறைக்குப் பின்னால் இருந்தார்கள். அவர்களும் ஓட வேண்டிய நேரம்தான்.

"ஏகாதசி!" என்றாள் சௌமியா. "ஏகாதசி, யாரும் நகராதீங்க!"

பூவரசன் அப்படியே நின்றான். மருதை நின்றான். வட்டத்தின் கோடு அவர்கள் முதுகுக்கு வெகு அருகில் வந்துவிட்டது. கூட்டம் "ஓடு, ஓடு!" என்று கத்தியது. "பைத்தியமா இவங்களுக்கு? ஓடச் சொல்லுங்க!" என்று ஜெயக்குமாரே எழுந்து நின்று கத்தினார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் மாமி எழுந்தார். துப்பாக்கி எது, பாலம் எது என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஏகாதசி என்றால் என்னவென்று ஸ்ரீரங்கத்துக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அதான் சொல்றாளே, தள்ளி நில்லுங்கோ! கூட்டம் வடியட்டும்!" என்று மண்டபம் அதிரக் கத்தினார்.

பாலத்தின்மேல் மூன்று அணிகளும் ஒன்றையொன்று சுட்டுத் தீர்த்துக்கொண்டன. ஒவ்வொருவராக விழுந்தார்கள். மிஞ்சியவர்கள் காயத்தோடு தடுமாறிக்கொண்டிருக்கும்போது, "இப்போ போலாம்" என்றாள் அவள். அவசரமே இல்லாத குரலில் சொன்னாள். நால்வரும் பாறையை விட்டு இறங்கி நடந்தார்கள். ஓடக்கூட இல்லை.

அவ்வளவுதான். திரையில் எங்கள் அணியின் பெயர் வந்ததைப் பார்த்தேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். பூவரசன் மணமேடையிலேயே தரையில் உட்கார்ந்து சிரித்தான். சௌமியா ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, கலைந்த தலையோடும் வேர்த்த முகத்தோடும் கூட்டத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் நான் எடிட் செய்து அனுப்பிய எந்த சௌமியாவும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

ஜெயக்குமார் மேடைக்குப் போய் அவளுக்குக் கை கொடுத்தார். மாமி அவர் பின்னாலேயே படியேறிப் போய் வழிமறித்தார்.

"இனிமே எங்காத்துப் பொண்ணு ஆடுவாளோன்னோ?"

"ஆடுவாங்கம்மா. அவங்கதான் எங்க கேப்டன்."

"இத அன்னிக்குக் காபி குடிச்சப்பவே சொல்லியிருந்தேள்னா, நான் இப்படித் தொண்டை கிழியக் கத்தியிருக்க வேண்டாமே!"