முகம் மறைத்த போஸ்டர்

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு பிள்ளை பாஸானாலே போதும், கேட்டுக்கு வெளியே ஃப்ளெக்ஸ் ஏறிவிடும். எதிர்வீட்டு ஞானசேகரன் அண்ணன் ஆவடி ஃபேக்டரியில் வெல்டர். அவர் மகள் கனிமொழி இயற்பியலில் தங்க மெடல் வாங்கினால் மனுஷன் சும்மா இருப்பாரா? பட்டமளிப்பு விழாவில் கவர்னர் கையால் அவள் மெடல் வாங்கிய படத்தை ஆளுயரத்துக்கு அடித்து டீக்கடைப் பக்கம் கட்டினார். படத்தில் கவர்னர் அவள் கன்னத்தைத் தட்டுகிறார். பச்சைப் புடவையில் அவள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அதே படம் வீட்டு ஹாலில் ஃப்ரேம் போட்டுத் தொங்கியது. என் போனுக்கு மட்டும் மூன்று தடவை அனுப்பினார்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கவர்னரின் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. மார்க் போடச் சொல்கிறேன், மாளிகைக்கு வா என்று மாணவிகளை அவர் கூப்பிட்ட ஆடியோ வெளியே வந்தது. டிவியைத் திறந்தால் அதே பேச்சு. புகார் சொன்ன பெண்கள் யாரென்று யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் போஸ்டருக்கு ஒரு பெண் வேண்டுமே!

கவர்னரை எதிர்த்துக் கொடி பிடித்த கட்சியின் வட்டச் செயலாளர் வீராசாமிக்குக் கிடைத்தது எங்கள் கனிமொழிதான். பழைய ஃப்ளெக்ஸ் படத்தை எடுத்து, ‘பாதிக்கப்பட்ட சகோதரிக்கு நீதி வேண்டும்! கவர்னரே, ராஜினாமா செய்!’ என்று அடித்து ஆவடியிலிருந்து கரையான்சாவடி வரைக்கும் ஒட்டிவிட்டார். பெரிய மனசு பண்ணி அவள் முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார். அடப்பாவி! முகத்தை விட்டிருந்தால் அந்தச் சிரிப்பு தெரிந்திருக்கும், மெடல் வாங்கிய சந்தோஷம் என்று எவருக்கும் புரிந்திருக்கும். மறைத்ததால்தான் அவள் பாதிக்கப்பட்டவள் ஆனாள். அந்தப் பச்சைப் புடவையை மாசக்கணக்கில் பார்த்த எங்கள் ஜனத்துக்கு அடையாளம் தெரியாதா?

அவள் போனால் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நின்றது. அம்பத்தூரில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில், “லீவு வேணும்னா எடுத்துக்கோம்மா” என்று மேனேஜர் பாசமாகச் சொன்னாராம். முதலில் எல்லோரிடமும் விளக்கினாள். மறுக்க மறுக்க, பாவம் பயப்படுகிறாள் என்றார்கள். பிறகு விட்டுவிட்டாள். சாப்பிட்டாள், பஸ் ஏறினாள், வந்து படுத்தாள். அழக்கூட இல்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் இருந்த போஸ்டரை நகத்தாலேயே கிழித்தேன். பக்கத்தில் நின்ற அவள், வேறு யாரோ ஒருத்தியின் படத்தைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விடுங்க ஷோபனாக்கா. யார் வேணா என்னமோ நெனைச்சுக்கட்டும். அப்பா மட்டும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. எனக்கு அது போதும்.”

கவர்னர் ராஜினாமா செய்தார். தெருவுக்குத் தெரு வெடி. அடுத்து வந்த மாநகராட்சித் தேர்தலில் அதையே சொல்லிச் சொல்லி வீராசாமி கவுன்சிலர் ஆனார். ஜெயித்த மறுநாள் சால்வையும் ஸ்வீட் பாக்ஸுமாக ஆட்களோடு அண்ணன் வீட்டுக்கு வந்தார். நான் காபி போட்டுக் கொடுக்கப் போயிருந்தேன்.

“இன்னாண்ணே, நம்ம பொண்ணுக்கு நீதி கெட்சிடிச்சு பாத்தியா!”

“அண்ணா, எனக்கு ஒண்ணும் நடக்கலை. அவர் மெடல்தான் குடுத்தாரு” என்றாள் கனிமொழி. குரலில் கோபம்கூட இல்லை.

“இன்னும் பயந்துகினு கீறியே கண்ணு! அதான் நாங்க கீறோமில்ல?”

சால்வையைப் போர்த்தினார். ஒருவன் போட்டோ எடுத்தான். இந்தத் தடவை யாரும் முகத்தை மறைக்கச் சொல்லவில்லை.

அவர்கள் போனதும் அண்ணன் டிவியை அணைத்தார். ஹாலில் தொங்கிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“கனி... அப்பாகிட்ட சொல்லலாம்மா. நெஜமாவே ஒண்ணும் நடக்கலையில்ல?”

ஐயோ அண்ணே, என்று என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. கனிமொழி சால்வையை எடுத்து மடித்து ஸ்வீட் பாக்ஸ் மேல் வைத்தாள்.

“தோசை ஊத்தட்டுமாப்பா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.