புளி போட்டுத் துலக்கிய ரேடியோக் கல்

கீரனூரில் எங்கள் வீட்டோடு இருந்த தாய்மாமா செய்த ரேடியோவுக்குக் கரண்டும் இல்லை, பாட்டரியும் இல்லை. அட்டைக் குழாயில் சுற்றிய கம்பி, காதில் வைத்துக் கேட்கும் கருவி, தகரக் குப்பியில் புளியங்கொட்டை அளவு ஈயக் கல். அவ்வளவுதான். கல்லில் மச்சம்போல் மங்கியிருந்த ஒரே இடத்தை ஊசிக்கம்பி தொட்டால்தான் திருச்சி வானொலி பேசும். பளபளப்பான பக்கங்கள் எல்லாம் ஊமை. அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க மாமாவுக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று.

திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்த அக்கா, விஜயதசமி மாலை வானொலியில் பாட இருந்தாள். அம்மாவுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

முந்தின நாள் ஆயுத பூஜை. அரிவாள் முதல் தராசு வரை துலக்கிப் பொட்டு வைப்பது அப்பாவின் அக்காவான அத்தையின் வேலை. அவரும் அம்மாவும் ஆடியிலிருந்தே பேசிக்கொள்வதில்லை.

பாட்டு நேரத்துக்குச் சற்று முன் மாமா குப்பியைத் திறந்தார். கல் வெள்ளிக்காசாய் மின்னியது. உச்சியில் சந்தனம், குங்குமம்.

"யாரு இதத் தொட்டது?"

"நாந்தேன் தம்பி. அழுக்கேறிக் கெடந்துச்சு, புளி போட்டுத் தேச்சேன்."

"அந்த அழுக்குலதாங்க பாட்டே வந்துச்சு!"

கோபத்தில் உளறுகிறார் என்றே நினைத்தேன். அது உண்மை என்று கல்லூரியில்தான் படித்தேன். குறையே இல்லாத படிகக் கல்லில் மின்சாரத்தைச் சுமக்க ஆள் கிடையாது. அணு ஒன்று விடுபட்ட இடமும், அந்நியத் துகள் ஒட்டிய இடமும்தான் அதை நடத்துகின்றன. எங்கள் கல்லில் அந்தக் குறை சரியாக அமைந்த ஒரே இடம் புளியோடு போய்விட்டது.

மாமா ஊசியால் எங்கெங்கோ குத்தினார். முனகல்கூட இல்லை. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அம்மா கருவியை வாங்கிக் காதில் வைத்தாள். "வருது! புள்ள பாடுறா!" ஒரு பாட்டு நேரம் தலையாட்டினாள். பிறகு அத்தையைப் பார்த்து, "மதினி, நல்லாத்தேன் தேச்சிருக்கீங்க. முன்னவிடத் தெளிவாக் கேக்குது" என்றாள்.

நான் பிடுங்கிக் கேட்டேன். ஒன்றுமே இல்லை. சொல்ல வாயெடுத்ததும் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்கிற அம்மா!

திகைத்துப்போய் அத்தையைப் பார்த்தேன். அவர் விசும்பிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பாட்டுக் கேட்டதாக நம்பியவர் எதற்காக அழ வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.